புயலில் சாய்ந்த தென்னந்தோப்பை மீட்பது எப்படி? முதல் வாரம் முதல் ஐந்தாம் ஆண்டு வரை

புயல் கரையைக் கடக்கச் சில மணி நேரம்தான் ஆகிறது. அது சாய்த்துவிட்டுப் போன தென்னந்தோப்பு பழைய நிலைக்கு வரப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. நெல் விவசாயிக்கு ஒரு போகம் போனால் அடுத்த போகம் இருக்கிறது. தென்னை விவசாயிக்கு ஒரே இரவில் முப்பது ஆண்டு உழைப்பு போய்விடுகிறது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி என்று பல பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல நடுவில் முறிந்தன. 2013 நவம்பர் 8-ஆம் தேதி பிலிப்பைன்ஸ் நாட்டைத் தாக்கிய ஹையான் சூறாவளியில் லெய்ட்டே, சமர் தீவுகளை உள்ளடக்கிய பகுதியில் மட்டும் சுமார் 3.3 கோடி தென்னை மரங்கள் அழிந்ததாக ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு கணக்கிட்டது. ஊர் வேறு, மொழி வேறு. ஆனால் புயலுக்கு மறுநாள் அங்குள்ள விவசாயியும் நம் விவசாயியும் கேட்ட கேள்விகள் ஒன்றுதான். எந்த மரம் பிழைக்கும்? விழுந்ததை என்ன செய்வது? புதுக் கன்று காய்க்கும்வரை எதை வைத்துச் சாப்பிடுவது?

இந்தக் கேள்விகளுக்கான பதில்களைக் கால வரிசைப்படி இந்தக் கட்டுரையில் தொகுத்திருக்கிறேன். உங்கள் பகுதியில் புயல் அடித்திருந்தால் இப்போதே பயன்படும். அடிக்காவிட்டாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: வெட்டுவதற்கு முன் கணக்கெடுங்கள்

தோப்புக்குள் போகும் முன் மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பாதி சாய்ந்து, இன்னொரு மரத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும் மரத்தின் அடியில் யாரும் நிற்க வேண்டாம். புயலுக்குப் பிறகு நேரும் விபத்துகளில் பல, இப்படிப்பட்ட மரங்களை அவசரமாக அறுக்கும்போது நேர்பவை.

அடுத்தது கணக்கு. எந்த மரத்தையும் வெட்டி அகற்றுவதற்கு முன் பின்வருவனவற்றைச் செய்துவிடுங்கள்.

- தோப்பின் நான்கு மூலைகளிலிருந்தும் படம் எடுங்கள். விழுந்த மரங்களுக்குச் சுண்ணாம்பால் வரிசை எண் எழுதி, எண் தெரியும்படி தனித்தனியாகவும் படம் எடுங்கள். ஒரு படத்திலாவது நிலத்தின் அடையாளம் (கிணறு, மோட்டார் கொட்டகை, வாய்க்கால்) தெரிய வேண்டும்.
- சர்வே எண் வாரியாக, வேரோடு சாய்ந்தவை, முறிந்தவை, கொண்டை திருகியவை, நிற்பவை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.
- சிட்டா, அடங்கல் நகல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். அடங்கலில் பயிர் 'தென்னை' என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பயிரின் பெயரே தொடர்ந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.
- கணக்கெடுப்புக்கு வரும் அலுவலரின் பெயர், வந்த தேதி, அவர் எழுதிய மர எண்ணிக்கை மூன்றையும் உங்கள் நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

வழியை மறித்துக் கிடக்கும் மரத்தை மட்டும் படம் எடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம். மற்றவை கணக்கெடுப்பு முடியும்வரை கிடக்கட்டும்.

மரங்களை மூன்றாகப் பிரியுங்கள்

தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். வேம்பும் பூவரசும் முறிந்த இடத்துக்குக் கீழே துளிர்க்கும், தென்னை துளிர்க்காது. ஆகவே மரத்தின் பிழைப்பு இரண்டு இடங்களைப் பொறுத்தது: மேலே குருத்து, கீழே வேர்.

முதல் வகை, பிழைக்காதவை. தண்டு முறிந்தவை, கொண்டை ஒடிந்து தொங்குபவை, வேர்த்தொகுதி முழுவதும் மண்ணைவிட்டு வெளியே வந்த வளர்ந்த மரங்கள். இவற்றுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

இரண்டாம் வகை, பொறுத்துப் பார்க்க வேண்டியவை. மட்டைகள் பெரும்பாலும் போய்விட்டன, ஆனால் நடுக்குருத்து நிமிர்ந்து நிற்கிறது. அல்லது மரம் சாய்ந்திருக்கிறது, ஆனால் வேரில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கிறது. இந்த வகைதான் விவசாயிகள் அவசரப்பட்டு வெட்டிவிடுவது. குருத்தில் வண்ணப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒன்றரை மாதம் கழித்துப் பாருங்கள். கோடு மேலே ஏறியிருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். கோடு அசையாமல் குருத்து வெளிறிப்போயிருந்தால் அந்த மரம் முதல் வகைக்குப் போகிறது.

மூன்றாம் வகை, நிற்பவை. சில மட்டைகளும் குலைகளும் மட்டும் இழந்த மரங்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கு உங்கள் வீட்டைத் தாங்கப்போவது இவைதான். ஆகையால் விழுந்தவற்றின் கவலையில் இவற்றை மறந்துவிடாதீர்கள்.

சாய்ந்த இளமரங்களை நிமிர்த்துதல்

ஐந்து வயதுக்கு உட்பட்ட கன்றுகளை நிமிர்த்தலாம். மண் ஈரமாக இருக்கும் முதல் ஒரு வாரம், பத்து நாளுக்குள் செய்துவிட வேண்டும்.

சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், வேர் இருந்த குழியைக் கொஞ்சம் அகலப்படுத்தி ஆழமாக்குங்கள். நைந்து தொங்கும் வேர்களைக் கூரிய அரிவாளால் சீராக நறுக்கிவிடுங்கள். தண்டில் சாக்கைச் சுற்றி, அதன் மேல் கயிறு கட்டி, மெதுவாக இழுத்து நிமிர்த்துங்கள். கொண்டையில் கயிறு கட்டி இழுத்தால் குருத்து நசுங்கிவிடும். நிமிர்த்தியபின் மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்து, தூரைச் சுற்றி மண்ணை இறுக்கி அணையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனையும்படி ஊற்றுங்கள். காய்ந்த அடிமட்டைகளைக் கழித்துவிட்டால் காற்றுப் பிடிப்பு குறையும். முட்டுக்கம்பை ஆறு மாதமாவது எடுக்க வேண்டாம்.

வளர்ந்த மரத்தைப் பொக்லைன் வைத்து நிமிர்த்துவது பெரும்பாலும் வீண் செலவு. வேர் பாதி அறுந்த முதிர்ந்த மரம் நிமிர்ந்து நின்றாலும் அடுத்த காற்றில் வீட்டின் மேலோ ஆளின் மேலோ விழக்கூடும். ஓரளவு சாய்ந்து, வேர் பிடிப்போடு இருக்கும் மரத்தைச் சாய்ந்தபடியே விட்டு, தூரில் இரண்டு மூன்றடி உயரத்துக்கு மண் அணையுங்கள். தென்னையின் அடித்தண்டு மண் பட்ட இடத்தில் புதுவேர் விடும். குருத்து தானாகவே வானத்தை நோக்கி வளைந்துகொள்ளும்.

நிற்கும் மரங்களுக்கு முதலுதவி

மரமேறும் தொழிலாளர் கிடைத்தவுடன் கொண்டையைச் சுத்தம் செய்யுங்கள். ஒடிந்து தொங்கும் மட்டை, கிழிந்த பாளை, அடிபட்ட குலைகளை எடுத்துவிட வேண்டும். பச்சை மட்டையை வெட்ட வேண்டியிருந்தால் தண்டை ஒட்டி வெட்டாதீர்கள். தண்டிலிருந்து நான்கடி விட்டு வெட்டுங்கள். புதுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். காயத்தில் முட்டையிடும். புழு தண்டுக்குள் போய்விட்டால், வெளியே பழுப்புநிறச் சாறு வடிவதும் மென்று துப்பிய நார் தெரிவதும்தான் அடையாளம். அந்த நிலையில் காப்பாற்றுவது கடினம். தண்டில் உள்ள காயங்களைத் தார் அல்லது சிமெண்ட் குழம்பு கொண்டு பூசிவிடுங்கள்.

இரண்டாவது ஆபத்து குருத்தழுகல். புயலோடு மழையும் வந்து கொண்டையில் ஈரம் தங்குவதால் இந்நோய் பரவும். நடுக்குருத்து வெளிறும், இழுத்தால் கையோடு வரும், அழுகல் நாற்றம் அடிக்கும். அழுகிய பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு 10 சத போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, பிறகு ஒன்றாகக் கலந்தால் பசை தயார். மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. மழை நீர் இறங்காதபடி கொண்டையை ஓர் அகன்ற சட்டியால் மூடி வைக்கலாம். சுற்றியுள்ள நல்ல மரங்களின் குருத்தில் 1 சத போர்டோ கலவை தெளியுங்கள்.

மண் ஓரளவு ஆறியபிறகு உரம் கொடுங்கள். வளர்ந்த மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. இதை ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும் இரண்டாகப் பிரித்து, தூரிலிருந்து ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து இட வேண்டும். பணமில்லை என்று பொட்டாஷை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அடிபட்ட மரம் தேறவும் காய் திரளவும் அது அவசியம்.

ஒரு செய்தியை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நிற்கும் மரம் உடனே பழையபடி காய்க்காது. தென்னையில் பாளைக்கான மொட்டு உள்ளே உருவாவதிலிருந்து பாளை வெடிக்க ஏறக்குறைய 32 மாதம், அதிலிருந்து காய் முற்ற 12 மாதம் ஆகிறது. புயலன்று கொண்டைக்குள் உருவாகிக்கொண்டிருந்த பாளைகள் அத்தனையும் அந்த அதிர்ச்சியைச் சுமந்துகொண்டு வெளிவரும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் குரும்பை உதிர்வும் ஒல்லிக்காயும் இருக்கும். 'மரம் கெட்டுப்போச்சு' என்று அதற்குள் வெட்டிவிடாதீர்கள். கடன் தவணையைக் கணக்கிடும்போதும் நிற்கும் மரங்களின் பழைய மகசூலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

விழுந்த மரமும் காண்டாமிருக வண்டும்

புயலுக்குப் பின் வரும் இரண்டாவது புயல் என்று இந்த வண்டைச் சொல்லலாம். அழுகும் தென்னந்தண்டு இதற்குப் பிரசவ அறை. தண்டு மக்கத் தொடங்கியதும் தாய்வண்டு முட்டையிடும். புழு மூன்று முதல் ஆறு மாதம் உள்ளேயே தின்று வளரும். ஆக, கார்த்திகையில் விழுந்த மரத்திலிருந்து அடுத்த ஆடி, ஆவணி வாக்கில் வண்டுகள் கூட்டமாக வெளிவரத் தொடங்கும். நீங்கள் புதுக்கன்று நட்டு முதல் குருத்து விரியும் நேரமும் அதுதான். வளர்ந்த மரத்தில் வண்டு குடைந்தால் விரியும் மட்டை கத்தரித்ததுபோல் தெரியும், மகசூல் குறையும். ஒரு வயதுக் கன்றில் குடைந்தால் கன்றே போய்விடும்.

ஆகவே விழுந்த மரத்தை அகற்றுவதை அடுத்த தோப்பின் பாதுகாப்பாகப் பாருங்கள். வழிகள் இவை.

அறுத்துப் பயன்படுத்துதல். முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதியில், வெளிச்சுற்று மரம் உறுதியானது. ஹையானுக்குப் பிறகு லெய்ட்டே தீவில் விழுந்த மரங்களைச் செயின்சா கொண்டு அறுத்து, அந்தப் பலகையையும் சட்டத்தையும் வைத்தே வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள். நம் ஊரிலும் கொட்டகைக் கால், கைமரம், மாட்டுத்தொழுவம், பந்தல் எல்லாவற்றுக்கும் ஆகும். சில வாரங்களுக்குள் அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். தாமதித்தால் பூஞ்சணம் பிடித்து வீணாகும்.

பிளந்து உலர்த்துதல். விற்க முடியாத தண்டை இரண்டு மூன்றடித் துண்டுகளாக்கி, நெடுக்குவாட்டில் பிளந்து, சோற்றுப்பகுதி வெயில் படும்படி பரப்புங்கள். காய்ந்த தண்டில் வண்டு முட்டையிடாது. முழுத் தண்டாக வரப்போரம் உருட்டிவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

அடிக்கட்டை. தூரோடு தோண்டி எடுப்பது நல்லது. முடியாவிட்டால் தரைமட்டத்துக்கு அறுத்து, மேலே மண் போட்டு மூடுங்கள். இடையில் மூடுபயிர் படரவிட்டாலும் வண்டு கட்டையைக் கண்டுபிடிப்பது குறையும்.

எருக்குழி. குப்பைக்குழியிலும் புழு இருக்கும். கிளறும்போது வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். கோழிகளை விட்டாலும் தின்றுவிடும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தைக் குழியில் கலந்து ஈரம் காத்தால் புழுவை அது நோய்ப்படுத்திக் கொல்லும்.

இவற்றோடு இரண்டு ஹெக்டேருக்கு ஒன்று வீதம் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். பொறியை இளங்கன்றுகளுக்கு நடுவில் வைக்காமல் தோப்பின் ஓரத்தில் வையுங்கள். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் வைத்தாலும் வண்டு வந்து விழும். கன்றின் குருத்தைச் சுற்றியுள்ள மூன்று மட்டை இடுக்குகளில், ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து போடுங்கள். கடலோர ஊர்களில் கிழிந்த மீன்வலைக்குப் பஞ்சமில்லை. அதைத் துண்டாக்கி மட்டை இடுக்கில் செருகினால் வண்டு சிக்கிக்கொள்ளும்.

இந்த வேலையை ஒருவர் மட்டும் செய்தால் பலன் இல்லை. வண்டுக்கு வரப்பு தெரியாது. வெளியூரில் இருக்கும் உரிமையாளரின் தோப்பில் நூறு தண்டு அழுகிக் கிடந்தால், சுத்தம் செய்த உங்கள் தோப்புக்கே வண்டு வரும். ஊராட்சி அளவில் ஒரு தேதி குறித்து எல்லோரும் சேர்ந்து முடிக்க வேண்டிய வேலை இது.

கடல்நீர் புகுந்த நிலம்

வேதாரண்யம், முத்துப்பேட்டை போன்ற கரையோரங்களில் காற்றோடு கடல்நீரும் ஏறும். தேங்கிய உப்புநீரை முதலில் வடித்துவிடுங்கள். மேலே சேறு படிந்திருந்தால் வழித்து வெளியேற்றுங்கள். மணற்பாங்கான நிலத்தில் நல்ல மழை இரண்டு பெய்தாலே உப்பு பெருமளவு இறங்கிவிடும். களிமண்ணில் அப்படி இறங்காது. வரப்பு கட்டி, நல்ல தண்ணீரைத் தேக்கி, இரண்டு மூன்று முறை வடிக்க வேண்டும்.

மண் பரிசோதனை செய்யாமல் ஜிப்சம் வாங்காதீர்கள். மின்கடத்துதிறன் 4 டெசிசைமன்ஸுக்கு மேல் இருந்தால் நிலம் உவர் என்று பொருள். அதற்கு முதல் மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும். சோடியம் மிகுந்து மண் இறுகிய களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம்; அதன் அளவைப் பரிசோதனை அறிக்கை சொல்லும். உப்பு ஓரளவு தணிந்ததும் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். ஆனால் உளுந்தும் காய்கறியும் தாங்கா. எனவே ஊடுபயிர் போடும் முன் கிணற்று நீரையும் பரிசோதித்துவிடுங்கள்.

காய்க்கும்வரை வீட்டு வருமானம்

நெட்டை இரகம் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு. வீரிய ஒட்டு இரகம் மூன்று நான்கு ஆண்டு. இந்த இடைவெளியைத் தாண்டுவதுதான் உண்மையான மீட்சி. 'பெத்த பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது' என்று சொல்லிவந்த ஊர்களில், தென்னையை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள்தான் அதிகம் அடிபட்டன. வாழையும் ஆடும் வைத்திருந்தவர் கையில் மூன்றாம் மாதமே ஏதோ காசு இருந்தது.

ஒரு கெட்டதில் ஒரு நல்லது: மரம் விழுந்த நிலத்தில் இப்போது வெயில் இருக்கிறது. கன்று வளர்ந்து நிழல் கட்டும்வரை முதல் ஏழு ஆண்டு எதையும் பயிரிடலாம்.

- மூன்று மாதத்துக்குள் காசு: உளுந்து, எள், கீரை, கொத்தவரை, வெண்டை. இவற்றில் உளுந்து மண்ணுக்கும் தழைச்சத்து சேர்க்கும்.
- நான்கு முதல் பத்து மாதம்: நிலக்கடலை, மரவள்ளி, மஞ்சள்.
- ஓராண்டு: வாழை. கன்றுக்கு இளநிழலும் கிடைக்கும். ஆனால் காற்று அடிக்கும் மாதங்களில் குலை தள்ளாதபடி நடவைத் திட்டமிடுங்கள்.
- தொடர் வருமானம்: தீவனப்புல்லோடு இரண்டு கறவை மாடு அல்லது பத்து வெள்ளாடு. எருவும் தோப்புக்குத் திரும்பும். கன்றுகளுக்கு வேலி முக்கியம்.

கன்றிலிருந்து சுற்றிலும் ஆறடி விட்டுத்தான் ஊடுபயிர். கரும்பும் நெல்லும் ஊடுபயிராக வேண்டாம்.

மறுநடவு: அவசரம் வேண்டாம்

புயலுக்கு அடுத்த மாதமே லாரியில் கன்று வந்து இறங்கும். 'நாலே வருஷத்தில் முந்நூறு காய்' என்று சொல்லி விற்பார்கள். தென்னையில் தவறான கன்று வாங்கினால் அது தவறு என்று தெரிய ஆறு ஆண்டு ஆகும். அரசுப் பண்ணை, வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், தென்னை வளர்ச்சி வாரியம் அங்கீகரித்த நாற்றங்கால் ஆகிய இடங்களில் மட்டும் வாங்குங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதக் கன்றாக, குறைந்தது ஆறு இலையோடு, கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல், இலை முன்கூட்டியே பிரிந்ததாகத் தேர்ந்தெடுங்கள்.

இரகத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் ஒரே இரகமாக நட வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு கிழக்குக் கடற்கரை நெட்டை, ஆழியார் நகர் 1 அல்லது வேப்பங்குளம் 3; மீதி தண்ணீரும் கவனிப்பும் உறுதியாகக் கிடைக்கும் பகுதியில் நெட்டை-குட்டை ஒட்டு இரகம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒட்டு இரகம் சீக்கிரம் காசு கொடுக்கும். நெட்டை நீண்ட காலம் நிற்கும்.

உங்கள் ஊரிலேயே புயலைத் தாங்கி நிற்கும் நெட்டை மரங்களில், ஆண்டுக்கு நூறு காய்க்குமேல் காய்த்து, முப்பது மட்டைக்குமேல் வைத்திருந்தவற்றைக் குறித்துவையுங்கள். அவை தேறிக் காய்க்கத் தொடங்கியபின் அவற்றின் முற்றிய நெற்றை எடுத்து ஊர் நாற்றங்கால் போடலாம். செலவும் குறையும், மண்ணுக்குப் பழகிய கன்றும் கிடைக்கும்.

எங்கே நடுவது என்பதும் ஒரு முடிவு. தோப்பில் பாதிக்கு மேல் போயிருந்தால் பழைய வரிசையை மறந்து, 25 அடிக்கு 25 அடி என்று புதிதாகக் கயிறு பிடியுங்கள். ஏக்கருக்கு 70 கன்று வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்திருந்தால் ஒவ்வொரு பொக்கையையும் நிரப்ப வேண்டாம். வளர்ந்த மரங்களின் நிழலில் கன்று வெயில் தேடி ஒல்லியாக ஓடும். மூன்று நான்கு மரம் சேர்ந்தாற்போல் விழுந்த இடத்தில் நடுங்கள். தனிப் பொக்கையில் வாழையோ கோகோவோ வையுங்கள்.

குழி மூன்றடி நீளம், அகலம், ஆழம். இரண்டடி உயரத்துக்கு மேல்மண், தொழு உரம், மணல் கலந்து நிரப்பி, குழிக்குள் கன்றை நடுங்கள். கன்று வளர வளரக் குழியை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். இப்படி நட்ட மரத்தின் தூர் மண்ணுக்குள் புதைந்து பிடிக்கும். மேலாக நட்ட மரம்தான் காற்றில் முதலில் சாய்கிறது.

நிவாரணமும் காப்பீடும்

கஜாவின்போது தமிழக அரசு சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் அறிவித்தது. ஓர் ஏக்கரில் 70-க்கு 40 மரம் போனவர் கணக்கைப் போடுவோம்: 44,000 ரூபாய். இதில் 20,000 அகற்றும் செலவுக்கு. மீதி 24,000. இதைக் கடைக்கடனுக்கும் வட்டிக்கும் கொடுத்துவிட்டால் குழி எடுக்கக் காசிருக்காது. கன்று, குழி, முதலாண்டு உரம், வேலி இவற்றுக்கான தொகையை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியில் மற்றதைப் பாருங்கள். கூட்டுறவு வங்கி, தேசிய வங்கிக் கடன் இருந்தால் தவணை மாற்றியமைக்கக் கேட்டு எழுத்து மூலம் மனு கொடுங்கள், வாய்வார்த்தை போதாது.

தென்னை மரக் காப்பீட்டுத் திட்டத்தைப் பலர் அறியவில்லை. நான்கு முதல் 60 வயதுவரை உள்ள நல்ல மரங்களுக்கானது இது. குறைந்தது ஐந்து மரம் இருந்தால் போதும். திட்டத்தின் விதிகளில் 15 வயதுவரை மரத்துக்கு 9 ரூபாய், அதற்கு மேல் 14 ரூபாய் பிரீமியம். காப்பீட்டுத் தொகை முறையே 900, 1,750 ரூபாய். பிரீமியத்தில் கால் பங்குதான் விவசாயியுடையது. தற்போதைய தொகையையும் சேரும் கெடுவையும் வட்டார அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.

நிலம் இல்லாதவர்களை விட்டுவிடாதீர்கள்

நிவாரணம் பட்டா உள்ளவர் கணக்குக்குப் போகும். ஆனால் தோப்பு விழுந்தால் மரமேறுபவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள், கயிற்று ஆலைத் தொழிலாளர் எல்லோருக்கும் வேலை போகிறது. லெய்ட்டேவிலும் தென்னையைக் குத்தகைக்கும் பங்குக்கும் பார்த்த குடும்பங்கள் ஏராளம். நிலமில்லாதவர் மீண்டு எழுவது அங்கும் கடினமாகவே இருந்தது. இவர்கள் திருப்பூருக்கோ கோவைக்கோ போய்விட்டால், மூன்றாண்டு கழித்து உங்கள் மரத்தில் காய் பறிக்க ஆள் இருக்காது.

ஆகவே தண்டு பிளக்கும் வேலை, குழி எடுப்பு, ஊர் நாற்றங்கால் ஆகியவற்றை முதலில் உள்ளூர் ஆட்களுக்குக் கொடுங்கள். குழி எடுப்பதை அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று கிராமசபையில் கேளுங்கள். குத்தகைதாரர் இருந்தால் நிவாரணப் பங்கைப் பேசி, எழுதிவையுங்கள். செயின்சா, பவர் டில்லர் போன்றவற்றை உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் பொதுவாக வாங்கி வாடகைக்கு விட்டால், வெளியூர் ஆட்கள் கேட்கும் கூலிக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

அடுத்த புயலுக்கு முன்

தோப்பின் காற்று வரும் பக்கத்தில் சவுக்கு இரண்டு மூன்று வரிசை, வரப்பில் பனை நடுங்கள். பனை காற்றுக்கு அஞ்சாத மரம். தூரை ஒட்டி மட்டும் தண்ணீர் விடாமல் ஆறடி வட்டம் முழுவதும் நனையும்படி பாய்ச்சினால் வேர் அகலமாகப் பரவும். ஐப்பசிக்கு முன் முற்றிய காய்களைப் பறித்து, காய்ந்த மட்டைகளைக் கழித்து, கொண்டையின் பாரத்தைக் குறையுங்கள். வடிகாலைத் தூர்வாரி வையுங்கள். ஊறிய மண்ணில்தான் வேர் பிடுங்கிக்கொள்கிறது.

நினைவில் வைக்கச் சுருக்கம்

- முதல் வாரம்: படம், கணக்கு, இளங்கன்று நிமிர்த்தல்.
- முதல் மாதம்: கொண்டை சுத்தம், போர்டோ பசை, தண்டு அறுப்பு.
- மூன்று மாதத்துக்குள்: தண்டுகளைப் பிளந்து முடித்தல், மண் மற்றும் நீர்ப் பரிசோதனை, முதல் உளுந்து.
- ஆறாம் மாதம்: வண்டுப் பொறி, குருத்துக் கோட்டில் தேறாத மரங்களை அகற்றி முடித்திருத்தல்.
- ஆனி-ஆடி அல்லது மார்கழி-தை: நல்ல கன்று கிடைத்தால் மட்டும் நடவு.
- இரண்டு, மூன்றாம் ஆண்டு: வண்டுக் கண்காணிப்பு, ஊடுபயிர், கன்றுக்கு உரத்தை ஆண்டுதோறும் கூட்டுதல்.
- நான்கு, ஐந்தாம் ஆண்டு: நின்ற மரங்கள் பழைய மகசூலுக்குத் திரும்பும், ஒட்டு இரகங்களில் முதல் பாளை.

குருத்துக் கோட்டில் சந்தேகம், மண் பரிசோதனை அறிக்கை புரியவில்லை, கன்றின் தரம் தெரியவில்லை என்றால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ ஒரு மட்டைத் துண்டோடும் படத்தோடும் நேரில் வாருங்கள். வெட்டுவதற்கு முன் வாருங்கள்.